இந்தக் கதை இடையிடையே ஏழு விநாடி நிற்கும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன் வாசகரே, இது பழிவாங்கப் பிறந்த கதை. என் மைத்துனனை நாறடிப்பதற்கென்றே உட்கார்ந்தேன். ஓய்வுபெற்றவன் கையில் வேறென்ன ஆயுதம் இருக்கும்? ஒரு நாற்காலி, ஒரு கம்ப்யூட்டர், தீரவே தீராத காலை நேரங்கள்.

மைத்துனன் என்றால் என் மனைவியின் தம்பி. கடைத்தெரு முனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறான். நான் ஓய்வுபெற்ற வாரம், தன் கையாலேயே ஒரு கம்ப்யூட்டரைச் சேர்த்துப் பூட்டி, குழந்தையைத் தூக்கி வருவதுபோல் தூக்கிக்கொண்டு மூன்று மாடி ஏறி வந்தான். உள்ளே இரண்டு டிஸ்க். முதலாவது சின்னது, வேகமானது, கம்ப்யூட்டர் தன் சொந்தக் காரியங்களுக்கு வைத்துக்கொள்வது. இரண்டாவது பெரியது, உள்ளே தட்டு சுற்றுவது.

"உங்க கதையெல்லாம் இந்த ரெண்டாவதுல போடுங்க அத்தான். ஆயுசுக்கும் நிரம்பாது."

"என் கதைங்க நீளம் உனக்குத் தெரியாது மச்சான்."

மூன்றாம் நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டர் நடுநடுவே கல்லாகிவிடும். மவுஸ் நகராது. எழுத்து விழாது. திரையில் இருக்கும் கடிகாரம்கூட மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். ஒவ்வொரு தடவையும் பதினோரு நிமிடம். [ஏழு விநாடி. கடிகாரம் வைத்துப் பார்த்தேன்.]

சதுர அடைப்புக்குறிக்குள் வருவது என் மனைவி. முப்பது வருஷம் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சொட்டு எண்ணியவள். அளக்காத எதையும் வீட்டுக்குள் விடமாட்டாள், என்னைத் தவிர. நான் டீ போட எழுந்து போனால் வந்து உட்கார்ந்து திருத்திவிடுகிறாள். இரண்டு தடவை அழித்துப் பார்த்தேன். இரண்டு தடவையும் திரும்ப முளைத்திருந்தது. விட்டுவிட்டேன். நீங்களும் பழகிக்கொள்ளுங்கள்.

2

ஆரம்பம் கிடைக்காமல் நான் பட்ட பாட்டை நீங்கள் பார்க்க வேண்டும். எழுதித் தள்ளிய ஐம்பது ஆரம்பங்களில் [நான்கு] சிலவற்றை இங்கேயே விட்டுவைக்கிறேன்.

*அந்த இயந்திரம் மூச்சை நிறுத்திய கணத்தில் நகரமே இருளில் மூழ்கியது.* [காலை பத்து மணி. நல்ல வெயில்.]

*என் மைத்துனன் தன் முறுக்கு மீசையைத் தடவியபடி வஞ்சகமாகச் சிரித்தான்.* [தம்பிக்கு மீசையே கிடையாது.]

*தட்டு சுழன்றது. தட்டு நின்றது. தட்டு மறுபடியும் மெல்ல*

இந்த மூன்றாவது கவிதைபோல வரத்தான் பார்த்தது. பாதியில் கம்ப்யூட்டர் நின்றுவிட்டது. அது திரும்ப உயிர் பெற்று வருவதற்குள், தட்டு மெல்ல என்ன செய்தது என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

ஆகவே ஒரு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இந்தக் கதையை நான் இரண்டாவது டிஸ்க்கில்தான் சேமிக்கிறேன். சில நிமிடங்களுக்கு ஒரு தடவை கம்ப்யூட்டர் தானாகவே எழுதியதை அங்கே கொண்டுபோய் வைக்கும். அப்போதுதான் நிற்கும். எங்காவது ஒரு வாக்கியம் அந்தரத்தில் தொங்கினால், பெரிய எழுத்தாளன் ஏதோ நுட்பம் பண்ணியிருக்கிறான் என்று தலையாட்டாதீர்கள். அது டிஸ்க்.

3

நான் சும்மா இருப்பவன் இல்லை. முப்பத்தோரு வருஷம் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். மாடிக்கும் மாடிக்கும் நடுவில் நிற்பதைப் பற்றி இந்த உலகத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் எவருமில்லை. [இவருடைய அலுவலகத்திலேயே இருவர் உண்டு.] கம்ப்யூட்டரைப் பற்றி எனக்கு அவ்வளவாகத் தெரியாது. அதனால் என்ன, தயங்கியா நிற்கப்போகிறேன்?

வைரஸ் தேடினேன். இல்லை. தேவையில்லாத கோப்புகளை அழித்தேன், தேவையான இரண்டும் கூடவே போயின. எந்த வேலை எவ்வளவு இழுக்கிறது என்று காட்டும் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு பூனைபோலக் காத்திருந்தேன். நிற்கும்போதெல்லாம் முதல் டிஸ்க் சும்மா இருக்கும். இரண்டாவது மட்டும் நூற்றுக்கு நூறு வேலை செய்வதாகக் காட்டும். ஆனால் நடக்கும் வேலையோ பூஜ்யம். அப்படிப்பட்ட ஆட்களை என் அலுவலகத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மைத்துனனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், உன் ரெண்டாவது டிஸ்க் வேலைக்கு ஆகாது."

"புதுசு அத்தான் அது. நீங்க பெட்டியைத் திறந்து எதையாவது தொட்டீங்களா?"

"நானா? தொடவே இல்லையே."

இந்தப் பதிலை ஞாபகத்தில் வைத்திருங்கள் வாசகரே. அடிக்கோடு போடத் தெரிந்தால் போட்டிருப்பேன்.

"சரி, நான் வந்து பார்க்கட்டுமா?"

"நீ எதுக்கு மூணு மாடி ஏறணும்? டிஸ்க்கை நானே கழட்டி எடுத்துட்டு வர்றேன்."

போனேன். அவன் அதைத் தன் மேசையில் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பார்த்தான். மூலை முடுக்கெல்லாம் படித்துப் பார்த்தான். பழுதே இல்லை. அங்கே குதிரைபோல ஓடியது. ஒரு புதுக் கேபிளும் கொடுத்தனுப்பினான். "இதை மாத்திப் பாருங்க அத்தான். பத்துக்கு எட்டு தடவை கேபிள்தான் வில்லன்." வீட்டுக்கு வந்து டிஸ்க்கைப் பூட்டி, புதுக் கேபிளைப் போட்டு, மூடியை மூடினேன்.

ஏழு விநாடி நின்றது. [ஒன்பது.]

4

அந்த வாரக் கடைசியில் என் அக்கா மகள் வீட்டில் குடும்பமே கூடியிருந்தது. இருநூறு பேர் இருக்கும். [பதினான்கு. அதில் இரண்டு கைக்குழந்தை.] யாரோ, "ரிட்டையர் ஆகி என்ன பண்றீங்க மாமா?" என்று கேட்டார்கள். கேட்டவர்கள் மேல்தான் தப்பு.

"என் மச்சான் ஒரு கம்ப்யூட்டர் கொடுத்திருக்கான். அதுல எழுதறேன். கல்லுல செதுக்கினா இன்னும் சீக்கிரம் முடியும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். கூட்டம் சிரிக்கிறது என்றால் எனக்குக் கால் தரையில் நிற்காது. கம்ப்யூட்டர் நிற்கும்போது நான் எப்படித் தூங்கி விழுவேன், நான் எழுந்ததும் அது எப்படி மறுபடி நிற்கும் என்றெல்லாம் நடித்துக் காட்டினேன். பாதி நடிப்பில், அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதைக் கண்டேன். அதைக் கண்டுவிட்டுத்தான் மீதி பாதியையும் நடித்தேன். [ஆமாம்.]

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் கேரம் ஆடுவோம். அந்த ஞாயிறு அவனை இருபத்தொன்பதுக்குப் பூஜ்யம் என்று தோற்கடித்தேன். [இருபத்தொன்பதுக்கு இருபத்திரண்டு.] குழி வாயிலேயே நின்ற ஒரு காயைத் தவறவிட்டான். கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவன் அவன். தவறியதும் காயைப் பார்க்கவில்லை, தன் விரலைப் பார்த்தான். ரொம்ப நேரம்.

"டிஸ்க் நல்லா இருக்கு. கேபிள் புதுசு. என் மேசையில ஓடுது, உங்க பெட்டியில ஓடலை," என்றான். "அப்ப பெட்டியைச் சேர்த்தவன் கைதான் சரியில்ல அத்தான். போன மாசம் ஒரு ஸ்கூல் கம்ப்யூட்டர்ல ஒரு பின்னை உடைச்சேன். முப்பது வருஷத்துல உடைச்சதே இல்ல."

"அதுக்கு?"

"கடையில என் கூட்டாளிகிட்ட பேசிட்டேன். அடுத்த மாசம் முதல் திங்கட்கிழமையிலேருந்து ரிப்பேர் மேசை அவருக்கு. நான் முன்னாடி கவுண்டர்ல உட்கார்ந்து மவுஸும் கீபோர்டும் விக்கறேன். கை போனப்புறம் உள்ள கையை வைக்கக் கூடாது பாருங்க."

நான் ஏதோ ஜோக் சொன்னேன். என்ன ஜோக் என்று

(நின்றது. நல்லவேளை. அந்த ஜோக்கை நீங்கள் கேட்டிருக்க வேண்டாம்.)

5

இந்தப் பகுதியில் என் நாக்குக்கு நானே பூட்டுப் போட்டிருக்கிறேன். நடந்தது மட்டும்.

கதையில் வில்லன் சரியாக வரவில்லை. மீசை ஒட்டிப் பார்த்தேன், உதிர்ந்தது. வஞ்சகச் சிரிப்பு கொடுத்தேன். அதை வாங்கி வைத்துக்கொண்டு, "சாப்டீங்களா அத்தான்?" என்று கேட்டான். எழுதியவன் பேச்சைக் கேட்காத பாத்திரத்தை என்ன செய்வது? சரி, ஆளை விட்டுவிடுவோம், அவன் வேலையைக் கிழிப்போம், பெட்டிக்குள் அவன் எவ்வளவு அலங்கோலமாக ஒயர்களை விட்டிருக்கிறான் என்று ஒரு பக்கம் வர்ணிப்போம் என்று நினைத்தேன். வர்ணனை துல்லியமாக இருக்க வேண்டுமென்று மூடியைக் கழற்றி, டார்ச் அடித்துப் பார்த்தேன்.

உள்ளே அலங்கோலம் எதுவும் இல்லை. எல்லா ஒயர்களும் கட்டுக்கட்டாக, ராணுவ அணிவகுப்புபோல, மூலைக்கு மூலை செங்கோணத்தில் மடங்கி, மெழுகு நூலால் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. ஒன்பது முடிச்சுகள்.

கம்ப்யூட்டர்காரர்கள் மெழுகு நூல் வைத்துக்கொள்வதில்லை. லிஃப்ட்காரர்கள் வைத்திருப்போம். லிஃப்ட் இயந்திர அறையில் ஒரு ஒயர் தொங்கினாலும் சுற்றும் சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலிருந்து, தொங்குகிற ஒயரைப் பார்த்தால் என் கை தானாகக் கட்டிவிடும். கம்ப்யூட்டர் வந்த மறுநாள், உள்ளே எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று மூடியைத் திறந்தேன். அவன் ஒயர்களைத் தளர்வாக விட்டிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. கட்டினேன். அதை நான் தொட்டதாகவே நினைக்கவில்லை. சட்டைக் காலரை மடித்துவிடுவதை யாராவது தொட்டதாகக் கணக்கில் வைப்பார்களா? அதனால்தான் அவன் கேட்டபோது இல்லை என்றேன். பிறகு அவன் கொடுத்த புதுக் கேபிளையும் அதே இடத்தில், அதே மடிப்பில், இழுத்துக் கட்டினேன். டிஸ்க்கின் பின்னால் கேபிள் செருகும் இடத்தைப் பார்த்தேன். ஒரு பக்கம் உட்கார்ந்து, மறுபக்கம் நூலளவு தூக்கி நின்றது. என் முடிச்சு அதை இழுத்துக்கொண்டிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். அவள் தன் பழைய ஸ்டாப்வாட்ச்சுடன் வந்து உட்கார்ந்தாள். கட்டியபடியே ஒரு புகைப்படத் தொகுப்பை இரண்டாவது டிஸ்க்குக்கு மாற்றினோம். இருபத்தாறு நிமிடம். ஐந்து தடவை நின்றது. பிறகு முடிச்சுக்கு அடியில் ஒரு பென்சிலைச் செருகித் தளர்த்தினேன். அதே தொகுப்பு இரண்டு நிமிடத்துக்குள் போனது. ஒரு தடவைகூட நிற்கவில்லை. பென்சிலை உருவிவிட்டு மறுபடி மாற்றினோம். நான்காவது நிமிடம் நின்றது.

அவள் கடிகாரத்தை மேசைமேல் வைத்தாள்.

"அவன் கை நல்லாத்தான் இருக்கு," என்றாள்.

6

உடனே போன் போட்டேன்.

"மச்சான், தப்பு என்னோடது. ஒயரை இழுத்துக் கட்டினது நான்தான். உன் கைமேல ஒரு குறையும் இல்ல."

"சரி அத்தான்."

"என்ன சரி? நான் ஒத்துக்கறேன்டா!"

"அக்கா சொல்லச் சொன்னாளா?"

"இல்ல. சத்தியமா. நெஜமா."

"லிஃப்ட்ல மாட்டின பேண்டு வாத்தியக்காரங்க நாற்பது பேரை, வாத்தியத்தோட, ஒத்தைக் கையால மேல இழுத்ததும் நெஜம்னுதானே சொன்னீங்க?" [ஆறு பேர். யாரையும் இழுக்கவில்லை. கதவைத் திறந்துவிட்டார்.]

"அது வேற, இது வேற!"

"பத்து நாள் முன்னாடி கேட்டேன், தொடவே இல்லன்னீங்க. இப்ப என் முகத்தைப் பார்த்துட்டு ஒரு கதை கட்டறீங்க. எனக்காக இவ்வளவு பண்றீங்க பாருங்க, அது போதும் அத்தான்." நன்றி சொல்லிப் போனை வைத்தான்.

வாழ்நாள் முழுக்கப் பொய் சொல்லியிருக்கிறேன் வாசகரே, ஒருவர்கூட நன்றி சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை உண்மை சொன்னேன், அதைப் பொய்யென்று நினைத்து நன்றி சொல்கிறான்.

முடிச்சைப் படம் எடுத்து அனுப்பினேன். "இப்பக் கட்டி எடுத்தீங்களா? நல்லா இருக்கு" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிக்கும் மஞ்சள் மூஞ்சி.

"நீ சொல்லேன். நீ சொன்னா நம்புவான்," என்று மனைவியிடம் கெஞ்சினேன்.

"கட்டினது நீங்க. ஊர் முன்னாடி கிண்டல் பண்ணினதும் நீங்க. நடுவுல என்னை ஏன் இழுக்கறீங்க?"

"ஒரே ஒரு வார்த்தை!"

"உங்க கதையைப் படிக்கறேன். தப்பா இருந்தா திருத்தறேன். என் வேலை அதுதான்."

அப்படிச் சொல்லிவிட்டுப் போனாள். எனக்குச் சுறுக்கென்றது. அவள் என்ன கொடுத்துவிட்டுப் போனாள் என்பது புரிய அரை மணி நேரம் ஆனது. [இரண்டு நாள்.]

7

நியாயமாக நீங்கள் ஒன்று கேட்க வேண்டும். காரணம் தெரிந்த பிறகும் ஏன் இந்தக் கதை நடுநடுவே நிற்கிறது? கத்தரிக்கோல் எடுத்து ஒன்பது முடிச்சையும் வெட்டினால் மூன்று நிமிட வேலைதானே?

வெட்டலாம். அப்படி ஒரு முடிவு எழுதியும் பார்த்தேன்.

முதல் முடிவு: நானே வெட்டிவிட்டு, "மச்சான், தானா சரியாயிடுச்சு" என்கிறேன். எல்லாரும் சந்தோஷம். அவனைத் தவிர. தானாக உடைந்து தானாகச் சரியாகும் இயந்திரம் ரிப்பேர்க்காரனுக்குப் பேய் மாதிரி. அவன் அதையும் தன் கையின் கணக்கில்தான் எழுதிக்கொள்வான்.

இரண்டாம் முடிவு: நான் கடைத்தெருவில் நின்று ஒலிபெருக்கியில் என் குற்றத்தை அறிவிக்கிறேன். கூட்டம் கண்ணீர் விடுகிறது. யானை ஒன்று [வேண்டாம்.] சரி, யானை வேண்டாம். ஆனால் ஒலிபெருக்கியில் சொன்னால் மட்டும் நம்பிவிடுவானா? இன்னும் பெரிய பொய் என்பான்.

மூன்றாம் முடிவு: பல வருஷம் கழித்து, கவுண்டரில் மவுஸ் விற்றுக்கொண்டிருக்கும் என் மைத்துனன் ஒரு நாள் தற்செயலாக இந்தப் பெட்டியைத் திறந்து

இங்கே கம்ப்யூட்டர் நின்றது. எழுதவும் எனக்கு மனசு வரவில்லை. விட்டுவிட்டேன்.

ஆகவே முடிச்சுகளை வெட்டவில்லை. அவைதான் என் சாட்சி. படத்தில் தெரியாத ஒன்று அவற்றின்மேல் இருக்கிறது. தூசி. இரண்டு மாதத் தூசி, ஒன்பது முடிச்சில் எட்டின்மேல் மெத்தைபோலப் படிந்திருக்கிறது. புதுக் கேபிளின் முடிச்சில் மட்டும் கொஞ்சம் குறைவு. ரிப்பேர்க்காரன் தூசியைப் பார்த்தே தேதி சொல்லிவிடுவான். நாற்பது பேரை ஒத்தைக் கையால் இழுத்தவனும் இரண்டு மாதத் தூசியை ஒரே நாளில் தயாரிக்க முடியாது. அதனால்தான் ஒவ்வொரு ஏழு விநாடியையும் பொறுத்துக்கொண்டு, மூடியை மூடிவைத்து, மூச்சுக்கூடப் பலமாக விடாமல் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் அவன் திறந்தால்தானே? இன்று ஞாயிறு. சாப்பிட வருகிறான், அக்கா கூப்பிட்டதால். நாளைதான் அந்த முதல் திங்கட்கிழமை. "வர்றேன் அக்கா, ஆனா பெட்டியைத் தொட மாட்டேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டான்.

"தொட வேணாம். உங்க அத்தான் ஒரு கதை எழுதியிருக்கார். அதை மட்டும் படி," என்றாள் இவள்.

"என்னைப் பத்தியா?"

"படி."

8

படியில் செருப்புச் சத்தம். முதல் மாடி. எனக்கு நேரமில்லை.

வாசகரே, கோபித்துக்கொள்ளாதீர்கள். இவ்வளவு தூரம் கூட வந்தீர்கள். கொஞ்சம் எழுந்து அந்த ஜன்னலோரம் போய் நில்லுங்கள். இந்த நாற்காலியில் இனி அவன் உட்காரட்டும். முடிவை உங்களிடம் கொடுப்பதாகத்தான் இருந்தேன், ஆனால் அதற்கு உரிமைக்காரன் வேறு ஆள்.

மச்சான், இப்போது நீ படித்துக்கொண்டிருப்பாய். நான் நேரில் சொன்னதை நம்பவில்லை. தப்பில்லை, என்னை நானே பாதி நேரம் நம்புவதில்லை. உன் அக்காவை நம்புவாய் அல்லவா? கதையை மேலே தள்ளிக்கொண்டு போ. பதினோரு நிமிடம் என்று எழுதினேன், விடவில்லை. இருநூறு பேர் என்றேன், விடவில்லை. உனக்கு ஒரு மீசை வைத்தேன், அதையும் மழித்துவிட்டாள். இப்போது ஐந்தாம் பகுதிக்குப் போ. அங்கே அவளுடைய சதுர அடைப்புக்குறி எத்தனை என்று எண்ணு.

எண்ணினாயா?

அதைப் படித்துவிட்டு அவள் என்ன செய்தாள் தெரியுமா? கீபோர்டைத் தொடாமல் எழுந்துபோய், எனக்கு ஒரு டீ போட்டுக் கொண்டுவந்தாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில், ஒரு பகுதி முழுக்க நான் சொன்னதை அவள் அப்படியே விட்டது இதுதான் முதல் தடவை.

கீபோர்டுக்குப் பக்கத்தில் உன் ஸ்க்ரூடிரைவர் இருக்கிறது, போன மாசம் நீ மறந்துவிட்டுப் போனது. [இவர் ஒளித்துவைத்தது.] பெட்டி மேசைக்கு அடியில். இடப்பக்க மூடி, இரண்டு திருகு. முதலில் தூசியைப் பார். பிறகு கத்தரிக்கோலை எடுத்து, ஒன்பதையும் நீயே வெட்டு. எட்டு முடிச்சை வெட்டிவிட்டு ஒன்றை மட்டும் எனக்கு நினைவுக்கு வைக்கலாமே என்று தோன்றும். வேண்டாம். கேபிளை நன்றாக அழுத்திச் செருகி, நீ முதலில் விட்டிருந்தாயே, அந்த மாதிரித் தளர்வாக விடு. அது அலங்கோலம் இல்லை என்று எனக்கு இப்போது தெரியும்.

வேலை முடிந்ததும் இங்கே வந்து, இதற்குக் கீழே ஏதாவது எழுதிப் பார். நிற்காமல் ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டுமே. நீ எழுதுவதுதான் இந்தக் கதையின் முடிவு. என்னைத் திட்டி எழுதினாலும் சரி. நீளமாகத் திட்டு, டிஸ்க்கில் இடம் இருக்கிறது.

மூன்றாம் மாடி. கதவைத் தட்டுகிறான். நான் சமையலறைக்குப் போய் வெங்காயம் உரிக்கப்போகிறேன். நீ திறக்கிறாயா இல்லையா என்று எட்டிப் பார்க்கவே மாட்டேன்.

[பார்ப்பார்.]